அறிவொளியில் படித்துத் தேறியவர்கள் மீண்டும் கைநாட்டு வைப்பது ஏன்?

மாலைவகுப்பு:

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் நடக்கும் கற்போர் எழுத்தறிவு மையத்தில் நான் தன்னார்வலராக இருக்கிறேன். ஊதியம் கிடையாது என்பது தெரிந்தேதான் வந்தேன். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, ஆடு மாடுகளைக் கட்டி, உலை வைத்துவிட்டு வரும் பெண்களுக்கு மாலையில் வகுப்பு எடுக்கிறேன். 15 வயதைக் கடந்த, எழுதப் படிக்கத் தெரியாத எவரும் சேரலாம் என்பது திட்டத்தின் விதி. ஆனால் என் மையத்துக்கு வருபவர்களில் ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இருவர் மட்டுமே.

கற்போர் பட்டியல் தயாரிக்க வீடு வீடாகப் போனபோது நடந்ததை வைத்துத்தான், 1990களின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். எனக்கு அப்பத்தா முறையாகும் ஒருவர், "என் பேரை எதுக்கு எழுதுற, நான் அறிவொளியில படிச்சவ தாயி" என்று சொல்லிவிட்டு, தகரப் பெட்டியின் அடியிலிருந்து நான்காக மடித்த ஒரு சான்றிதழை எடுத்து வந்து காட்டினார். மடிப்புகளில் தாள் கிழிந்திருந்தது. அதில் இருக்கும் அவருடைய பெயரையே வாசித்துக் காட்டும்படி கேட்டேன். தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தார், பிறகு முகத்தருகே கொண்டுவந்தார், பிறகு மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, அப்போது எல்லாம் தெரிந்தது, இப்போது மறந்துபோயிற்று என்றார். என் பட்டியலில் உள்ள 23 பேரில் 11 பேர் இதே போல 1991, 1992 ஆண்டுகளில் அறிவொளி வகுப்பில் படித்தவர்கள். அவர்களில் ஏழு பேர் இன்று வங்கியில் கைநாட்டுத்தான் வைக்கிறார்கள்.

புதுக்கோட்டை அறிவொளியைப் பற்றி நான் கல்லூரியில் படித்ததெல்லாம் பெரும் வெற்றிக் கதை. அந்த வெற்றி உண்மை என்றால் இந்த 11 பேர் ஏன் இப்படி இருக்கிறார்கள்? உண்மை இல்லை என்றால், ஆறு மாதத்தில் 200 மணி நேரம் நான் இப்போது சொல்லிக்கொடுப்பது மட்டும் எப்படி நிலைக்கும்? அந்த நாட்களில் நேரடியாகப் பணியாற்றியவர்கள் யாரேனும் இருந்தால், பாராட்டாகவோ குறையாகவோ, நடந்ததை நடந்தபடி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அரிக்கன்விளக்கு:

நான் அந்த 1991-ஆம் ஆண்டின் தொண்டர்களில் ஒருவன். பிளஸ் டூ முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். ஊரில் அரிக்கன் விளக்கோடு நாங்கள் நடந்து போனால், "வாத்தியாரு வந்துட்டாரு" என்று கேலி செய்தவர்களே இரண்டு மாதம் கழித்து விளக்குக்கு மண்ணெண்ணெய் கொடுத்தார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நடத்திய இயக்கம் அது. முதலில் கலைக்குழு ஊருக்குள் வந்து நாடகம் போடும், அதன் பிறகுதான் கணக்கெடுப்பு, அதன் பிறகுதான் வகுப்பு. படிப்பு என்பது இங்கே தங்களுக்கும் உரியது என்ற எண்ணத்தை அந்த நாடகங்கள்தான் உண்டாக்கின. உங்கள் திட்டத்தில் இந்த முதல் கட்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நேரே பட்டியலில் தொடங்கிவிடுகிறீர்கள்.

எங்கள் கையில் இருந்த பாடநூல் அகரத்தில் தொடங்கவில்லை, "பட்டா" என்ற சொல்லில் தொடங்கியது. நிலம் இல்லாதவர்களும், இருந்த நிலத்துக்குத் தாள் இல்லாதவர்களும் உட்கார்ந்திருந்த வகுப்பில் அந்த ஒரு சொல்லை எழுதிப்போட்டால், அரை மணி நேரம் பேச்சு ஓடும்; பேச்சு ஓய்ந்த பிறகுதான் எழுத்துக்கு வருவோம். ப, டா ஆகிய எழுத்துகளைப் பிரித்துச் சேர்த்து டப்பா, பாப்பா, பாட்டா என்று அவர்களாகவே சொற்களைக் கண்டுபிடிப்பார்கள். சிறு பிள்ளைகளுக்குச் சொல்வது போல "அ அம்மா, ஆ ஆடு" என்று தொடங்கியிருந்தால் மறுநாள் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். சிரமம் வந்தது உகர வரிசையில்தான். கு, சு, டு, து, மு, ரு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறதே, ஒரே மாதிரி வைத்துத் தொலைத்தால் என்ன என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. எனக்கும் பதில் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் இன்றும் மறக்க முடியவில்லை. அந்தத் தலைமுறைப் பெண்கள் கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். கணக்கெடுப்பில் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்வார். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள், விரும்பிய பெயரை எழுதுங்கள் என்று சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் சிலேட்டைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டதும் சட்டென்று அழித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஓவென்று சிரித்தார்கள். எழுதியது கணவர் பெயர். சொல்லக் கூடாது என்றுதானே முறை, எழுதக் கூடாது என்று யார் சொன்னது என்று அவரே கேட்டார்.

அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் எழுத்தறிவோடு சேர்த்தே எடுத்துக்கொண்டார். தொண்டராக வரும் பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டும், பேருந்துக்குக் காத்திருந்தால் ஆகாது என்பதுதான் தொடக்கக் காரணம். பிறகு அது ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பரவியது. குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பல பேர் கற்றார்கள். கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டலாம். கல்குவாரிகளில் கூலிக்குக் கல் உடைத்த பெண்களே குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்ததும் அந்தக் காலத்தில்தான். ஆகவே, வெற்றி உண்மையா என்ற கேள்விக்கு என் பதில், உண்மை என்பதே.

ஆனால் சைக்கிளில் போனவர்கள் அதன் பிறகும் தினமும் சைக்கிளில் போனார்கள். எழுத்தைக் கற்றவர்களுக்கு அதன் பிறகு வாசிக்க என்ன கிடைத்தது? செய்தித்தாள் டீக்கடைக்கு வருகிறது, எங்கள் ஊரில் பெண்கள் டீக்கடையில் உட்காருவதில்லை. நூலகம் பகலில் திறக்கிறது, அவர்கள் பகலில் வயலில் இருக்கிறார்கள். படித்தவர்கள் தொடர்ந்து வாசிப்பதற்கென்று பின்னால் வந்த வளர்கல்வி மையத்துக்கு ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வந்தது. புதிதாகப் படித்தவர்களுக்கென்றே பெரிய எழுத்தில் அச்சிட்ட நல்ல புத்தகங்கள். எங்கள் ஊரில் அந்தப் பெட்டி ஒருவர் வீட்டு அட்டத்தில் ஏறியது, சாவி அவரிடம் இருந்தது, புத்தகம் தொலைந்தால் தான் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் கடைசி வரை திறக்கவே இல்லை. பொறுப்பான மனிதர்தான், அதுதான் சங்கடம்.

பழையகணக்கு:

மேலே எழுதிய நண்பர் தொண்டராக இருந்தவர், அதனால் வகுப்பைப் பார்த்திருக்கிறார். நான் வேறொரு மாவட்டத்தில் அதே ஆண்டுகளில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன், அதனால் படிவத்தைப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் 11 பேரைப் புரிந்துகொள்ள முடியும்.

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988 மே மாதம் தொடங்கப்பட்டபோது, 15 முதல் 35 வயது வரை உள்ள 8 கோடிப் பேரை 1995-க்குள் எழுத்தறிவு பெற்றவர்களாக்குவது என்று இலக்கு வைத்தார்கள். மூன்று பாடநூல்கள், ஏறக்குறைய 200 மணி நேரம். தேறியவர் என்று சொல்வதற்கு நெறிமுறையும் இருந்தது: எளிய பத்தியை நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் வாய்விட்டு வாசிக்க வேண்டும், 7 சொல் வேகத்தில் பார்த்து எழுத வேண்டும், சொல்வதை 5 சொல் வேகத்தில் கேட்டு எழுத வேண்டும், நூறு வரை எண்களும் சிறு கணக்குகளும் தெரிய வேண்டும். மூன்றாம் பாடநூலை முடித்தவருக்குத்தான் இது கைவரும். நான் பார்த்த அளவில் முதல் நூலை முடித்தவர்கள் ஏராளம், இரண்டாம் நூலை முடித்தவர்கள் குறைவு, மூன்றாம் நூலைத் தொட்டவர்கள் அதிலும் குறைவு. நடவு வந்தால் வகுப்பு நிற்கும், திருவிழா வந்தால் நிற்கும், தொண்டருக்கு வேலை கிடைத்தால் ஒரேயடியாக நிற்கும். ஆனால் மாவட்டத்தை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கும் நாள் குறிக்கப்பட்டுவிட்டால், அந்த நாள் மட்டும் நிற்காது. பக்கத்து ஒன்றியத்தின் எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு வந்து, அதைவிடச் சற்றுக் கூடுதலாகப் படிவத்தில் எழுதச் சொன்ன மேலதிகாரியை நான் அறிவேன். எழுதியவனும் நான்தான்.

இன்னொன்று. கையெழுத்துப் போடத் தெரிந்தவரையெல்லாம் எழுத்தறிவு பெற்றவர் கணக்கில் சேர்த்தோம். அவர்களில் பலர் பெயரை எழுதவில்லை, வரைந்தார்கள். கோலத்துக்குப் புள்ளி வைத்து இழுப்பது போலக் கை தானாகப் போகும். நடுவில் நிறுத்தி, இந்த எழுத்து என்ன என்று கேட்டால் தெரியாது. உங்கள் அப்பத்தா எந்த வகை என்று அறிய வேண்டுமானால், அவருடைய பெயரை எழுதச் சொல்லாதீர்கள். அவருடைய தங்கை பெயரை எழுதச் சொல்லுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 1991-இல் 62.66 சதவீதமாகவும், 2001-இல் 73.45 ஆகவும், 2011-இல் 80.09 ஆகவும் உயர்ந்ததைக் காட்டி இயக்கத்தின் வெற்றி என்பார்கள். அந்த உயர்வில் பெரும் பங்கு சத்துணவு உண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பெரியவர்களானதால் வந்தது. கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலில் நின்று, வீட்டில் யாருக்கெல்லாம் எழுதப் படிக்கத் தெரியும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வாரே தவிர, யாரையும் வாசிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. ஆகையால் உங்கள் ஊரின் 11 பேரும் 2001, 2011 கணக்கெடுப்புகள் இரண்டிலும் எழுத்தறிவு உள்ளவர்களாகவே இருந்திருக்கக்கூடும்.

இதை எழுதியதால் அந்த இயக்கத்தை நான் பழிப்பதாக எண்ண வேண்டாம். என் வேலைக்காலத்தில் அலுவலகத்துக்கு வெளியே இருந்து ஆட்கள் தாங்களாகவே வந்து, சம்பளம் கேட்காமல், அரசு வேலையைச் செய்ததை நான் பார்த்தது அந்த இரண்டு ஆண்டுகளில் மட்டும்தான்.

அரிக்கன்விளக்கு:

பழையகணக்கு ஐயா சொல்வதை நான் மறுக்கவில்லை. எங்கள் ஒன்றியத்திலும் அப்படி எழுதப்பட்ட பெயர்கள் உண்டு. ஆனால் 30 சொல், 7 சொல் என்று அளப்பதில் அகப்படாதவையும் உண்டு. நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு வகுப்பின் பாடநூலில் சாராயக் கடையைப் பெண்கள் மூட வைத்ததாக ஒரு பாடம் வந்தது. அதைப் படித்த தூபகுண்டா ஊர்ப் பெண்கள், அந்த ஊரால் முடியும் என்றால் நம்மால் ஏன் முடியாது என்று கிளம்பித் தங்கள் ஊர்க் கடையை மூட வைத்தார்கள். அங்கிருந்து பரவிய போராட்டம் 1993-இல் ஆந்திர மாநிலம் முழுவதும் சாராயத்தைத் தடை செய்யும் வரை போனது. அந்தப் பெண்கள் நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசித்தார்கள் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

மற்றொன்றையும் என் அனுபவத்தில் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் படித்ததை மறக்காதவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்தவர்கள்தான். வாரம் ஒரு முறை தீர்மான நோட்டு எழுத வேண்டியிருந்தது, வேறு வழியில்லை, அதனால் எழுத்து நின்றது.

எடைத்தராசு:

நான் நியாயவிலைக் கடையில் விற்பனையாளர். கேள்வியில் கைநாட்டு என்று இருந்ததால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பொருள் வாங்குபவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். வயதான பெண்கள் சிலர் பின்னால் வரிசை நீண்டாலும் பொருட்படுத்தாமல், பேனாவை அழுத்திப் பிடித்து, முழுப் பெயரையும் தலைப்பெழுத்தோடு எழுதுவார்கள். "அறிவொளியில கத்துக்கிட்டது" என்று என்னிடம் சொன்னவர்களும் உண்டு. இப்போது கருவியில் விரல் வைக்க வேண்டும். நூறு நாள் வேலையிலும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது போய், கைப்பேசியில் படம் எடுப்பது வந்துவிட்டது. எழுதத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இனி ஒரே கைநாட்டுத்தான். முறைகேட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு என்பதை அறிவேன், அதைக் குறை கூறவில்லை. ஆனால் மாதம் ஒரு முறை ஒரு பெண் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்த இடம் அது.

இதில் இன்னொரு கொடுமை, குவாரியில் கல் உடைத்தவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்துபோயிருக்கும், கருவி ஏற்றுக்கொள்ளாது. "ரேகை விழல, துடைச்சிட்டு மறுபடி வைங்க" என்று நான் நான்கு முறை சொல்ல, அந்த அம்மா, "கையெழுத்துப் போடட்டுமா?" என்று கேட்பார். போட இடமில்லை.

எழுத்துப்பலகை:

திருச்சியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். எல்லோரும் பெரிய காரணங்களைப் பேசுகிறீர்கள். கேள்வி கேட்டவர் எழுதிய ஒரு வரியை யாரும் கவனிக்கவில்லை. அந்த அம்மா தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தார் என்று எழுதியிருக்கிறார்.

அது மறதி அல்ல, வெள்ளெழுத்து. நாற்பதைக் கடந்த எவருக்கும் கிட்டப் பார்வை மங்கத் தொடங்கும். 1992-இல் அவருக்கு இருபத்தெட்டு வயது என்றால், இன்று அறுபதைத் தாண்டியிருப்பார். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் நாற்பத்திரண்டு வயதில் என் கடைக்கு வந்துவிடுகிறார், ஏனென்றால் தினமும் தாளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. களை எடுப்பவருக்குக் கிட்டப் பார்வை மங்கினால் அரிசியில் கல் பொறுக்கும்போதும் ஊசியில் நூல் கோக்கும்போதும் மட்டும் தெரியும். அதற்குப் பேத்தியைக் கூப்பிட்டுக்கொள்வார். எழுத்து தெரியவில்லை என்றால் மட்டும், தனக்குப் படிப்பு மறந்துவிட்டது என்று தன்னையே குறை சொல்லிக்கொள்வார்.

வாசிப்புக் கண்ணாடி பெரிய விலை இல்லை. இருந்தாலும் நீங்களாக வாங்கிக் கொடுப்பதற்கு முன் அரசு மருத்துவமனையிலோ கண் மருத்துவ முகாமிலோ எல்லோரையும் காட்டிவிடுங்கள். அந்த வயதில் கண்புரையும் இருக்கலாம், சர்க்கரை நோயால் வந்த கோளாறும் இருக்கலாம். வகுப்பறையில் விளக்கு எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். கற்பவரின் தலைக்குப் பின்னால் இருந்தால் அவருடைய நிழலே புத்தகத்தில் விழும்.

பாலக்காட்டுமருமகள்:

திருமணமாகிப் பாலக்காட்டுக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. இங்கே நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.

புதுக்கோட்டைக்கு முன்மாதிரியே எர்ணாகுளம்தான். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் அமைப்பும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நடத்தி, 1990 பிப்ரவரி 4 அன்று நாட்டிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிற மைதானத்தில் மாநிலம் முழுவதற்கும் அந்த அறிவிப்பு வந்தது. அறிவித்தவர் அமைச்சர் அல்லர். முதிய வயதில் எழுதப் படிக்கக் கற்ற மலப்புறத்துப் பெண் சேலக்கோடன் ஆயிஷா. இதை இங்கே பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், கேரளத்தில் கற்பிக்க வேண்டியிருந்தவர்கள் ஏற்கெனவே குறைவு. 1991 கணக்கெடுப்பில் இங்கே எழுத்தறிவு 89.81 சதவீதம், தமிழ்நாட்டில் அது 62.66. இரண்டு மலையும் ஒரே உயரம் அல்ல.

வேறுபாடு அறிவிப்புக்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. மாநில எழுத்தறிவு இயக்கத்துக்கென்று நிலையான ஓர் அமைப்பை வைத்துக்கொண்டு, எழுத்தறிவு பெற்றவருக்கு அடுத்த படியாக நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வு, அதன் பிறகு ஏழு, பத்து, பன்னிரண்டு என்று வரிசையாக வைத்தார்கள். ஆலப்புழை மாவட்டம் சேப்பாட்டைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018-இல், தமது 96-ஆம் வயதில், எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்குத் 98 மதிப்பெண் பெற்றதை நீங்களும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். மதிப்பெண்ணைவிட, அடுத்தது என்ன படிக்கப் போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் பத்தாம் வகுப்பு வரை படிப்பேன் என்று அவரால் சொல்ல முடிந்ததுதான் முக்கியம். ஏறுவதற்கு அடுத்த படி கண்ணுக்குத் தெரிந்தது.

என் மாமியார் இந்த வரிசையில் ஏழாம் வகுப்பு வரை வந்தவர். வகுப்பில் படித்ததைவிட, தேர்வுக்காக வீட்டில் உட்கார்ந்து பேரனிடம் சண்டை போட்டுப் படித்ததுதான் அதிகம். தமிழ்நாட்டில் அறிவொளி, அதன் பிறகு கற்கும் பாரதம், கற்போம் எழுதுவோம், இப்போது புதிய பாரதம் என்று பெயர் மாறி மாறி வருகிறது. ஒவ்வொரு முறையும் முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் 11 பேருக்கும் முதல் பாடநூலையே மறுபடியும் கொடுத்தால் அவர்களுக்கு அது அவமானமாக இருக்காதா?

மாலைவகுப்பு:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. உடனே எழுதாமல் மூன்று வாரம் கழித்து எழுதுவதற்குக் காரணம், சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு வரலாம் என்று இருந்ததுதான்.

கண்ணாடிக் கடை ஐயா சொன்னபடி, பக்கத்து ஊரில் நடந்த கண் மருத்துவ முகாமுக்கு 11 பேரில் ஒன்பது பேரை அழைத்துப் போனேன். இருவருக்குக் கண்புரை, அறுவைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஏழு பேருக்கு வாசிப்புக் கண்ணாடி. கண்ணாடி போட்டவுடன் எல்லோரும் கடகடவென்று வாசித்துவிட்டார்கள் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. நான்கு பேர் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். மெய்யெழுத்தின் புள்ளியை விட்டுவிட்டு வாசித்து, பொருள் வராமல், திரும்ப வந்து சரிசெய்தார்கள். மற்ற மூவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. பழையகணக்கு ஐயா சொன்ன தங்கை பெயர்ச் சோதனையில் அந்த மூவரும் தங்கள் பெயரைத் தவிர வேறெதையும் எழுத முடியாமல் நின்றார்கள். அவர்கள் அன்றைக்கே வரைந்தவர்கள்தான் போலிருக்கிறது. அவர்களுக்கு முதல் பாடத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். நான்கு பேரைத் தனியாக உட்கார வைத்துவிட்டேன்.

அந்த நால்வருக்கு என்ன வாசிக்கக் கொடுப்பது என்பதில்தான் திண்டாட்டம். செய்தித்தாள் கொண்டுபோனேன், எழுத்து பொடி. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் படிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். அது ஆங்கிலத்தில் வருகிறது. கடைசியில் வழி காட்டியவர் அப்பத்தாதான். எங்கள் பக்கத்தில் ஆடி மாதம், மொய் வாங்குவதற்கென்றே வைக்கும் மொய் விருந்து நடப்பது மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். இப்போது மொய் எழுதுமிடத்தில் கணினி வைத்து, ஊர், பெயர், தொகை அச்சிட்டு ரசீது கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தகரப் பெட்டியில், சான்றிதழுக்குக் கீழே, ரப்பர் வளையம் போட்ட ஒரு ரசீதுக் கட்டு இருந்தது. மொய் செய்வது அவர் பணம். கொண்டுபோய்க் கொடுப்பது கொழுந்தன் மகன். அவர் ரசீதைக் கொண்டுவந்து கொடுப்பார், இவர் கட்டில் சேர்த்துவிடுவார், இத்தனை ஆண்டுகளாக அப்படித்தான்.

தொகை அவருக்கு எப்போதுமே தெரியும், எண்ணை அவர் மறக்கவில்லை. சென்ற வாரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் முறையாகப் பெயர் இருக்கும் வரியில் விரலை வைத்தார். அச்சு மங்கிப்போன தாள், எழுத்துக் கூட்டுவதற்கு நேரம் எடுத்தது. ஒரு ரசீது முடிந்து அடுத்ததை எடுத்தார், பிறகு அடுத்ததை. ஐந்தாவது ரசீதில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "எல்லாத்துலயும் அவன் பேருல்ல போட்டிருக்கு" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன், சரியாகத்தான் வாசித்திருக்கிறார். பையன் ஏமாற்றியதாக அவர் நினைக்கவில்லை, எழுதுமிடத்தில் யார் பெயர் என்று கேட்டிருப்பார்கள், அவன் தன் பெயரைச் சொல்லியிருப்பான் என்கிறார். ஆனாலும் வருகிற ஆடியில் தானே நேரில் போய், தன் பெயரைச் சொல்லி, ரசீதை அங்கேயே வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் நகரப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்ட மற்ற மூவரும் நாளை தங்கள் வீட்டு ரசீதுகளைக் கொண்டுவருகிறார்கள். வகுப்பறை விளக்கு அவர்கள் தலைக்குப் பின்னால்தான் இருக்கிறது. இடம் மாற்றித் தர மனு கொடுத்திருக்கிறேன்; அதுவரை பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டிருக்கிறோம்.